சமையல்கட்டு வரை வந்த கரடி, சாயங்காலம் வீடு திரும்பும் பையன்

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு ஹட்டியின் (படகர் ஊர்) கடைசி வீடு எங்களுடையது. பின்னால் அரை ஏக்கர் தேயிலை, அதற்குக் கீழே சோலை. இந்த ஆடியில் மட்டும் இரண்டு தடவை கரடி பின்கதவை உடைத்து உள்ளே வந்துவிட்டது. முதல் தடவை ரேஷன் பாமாயில் இரண்டு பாக்கெட்டும் வெல்லமும் போயிற்று. அப்புறம் பெரிய பூட்டு வாங்கிப் போட்டோம். இரண்டாவது தடவை பூட்டு அப்படியே தொங்க, கதவே கழன்று கிடந்தது. தோசை மாவுக் குண்டானைக் கவிழ்த்து நக்கிவிட்டுப் போயிருக்கிறது. முதுகில் இரண்டு குட்டி இருந்ததாக மாமியார் சொல்கிறார். வீட்டுக்காரர் வெடி வாங்கி வைத்திருக்கிறார்; வேலிக்குக் கரண்ட் கொடுக்கலாம் என்றும் பேச்சு ஓடுகிறது. ஒரு பசு, ஒரு நாய் உண்டு. பெரிய பையன் பிளஸ் ஒன், ஊர் ஃபுட்பால் டீமில் ஆடுகிறான். பிராக்டிஸ் முடிந்து ஆறரை, ஏழுக்குத் தேயிலைக்குள் குறுக்கு வழியாக வருகிறான். நிறுத்தச் சொன்னால் சாப்பிடாமல் கிடக்கிறான். என்ன செய்வது?

பதில்: குட்டிகளைப் பற்றி மாமியார் சொன்ன அந்த ஒரு வரியிலிருந்து தொடங்குகிறேன். அவர் பார்த்தது சரியாகத்தான் இருக்கும். நம் ஊர்க் கரடி குட்டிகளை முதுகில் ஏற்றிக்கொண்டுதான் திரியும். பெரும்பாலும் இரண்டு குட்டி. எட்டு ஒன்பது மாதம் வரை முதுகுச் சவாரி, அதற்குப் பிறகும் இரண்டு வயது தாண்டும்வரை தாயோடேதான் இருக்கும். எந்தச் சரிவில் கரையான் புற்று, எந்த மாதம் எந்த மரம் பழுக்கும் என்பதெல்லாம் அந்தக் காலத்தில் தாயின் பின்னால் நடந்து படிக்கிற பாடம். இப்போது அந்தப் பாடத்தில் உங்கள் சமையல்கட்டும் சேர்ந்துவிட்டது. இதை நீங்கள் இந்த மழைக்காலத்துக்குள் நிறுத்தாவிட்டால், இரண்டு வருடம் கழித்து ஒரே வீட்டுக்கு வழி தெரிந்த மூன்று பெரிய கரடிகள் இருக்கும்.

கரடிக்குக் கண் மந்தம், காதும் அவ்வளவு கூர்மை இல்லை. மூக்குதான் எல்லாம். மண்ணுக்குள் இருக்கிற கரையானை மேலே நின்றே கண்டுபிடித்துத் தோண்டும். மேல் முன்பற்களில் நடு இரண்டு அதற்குக் கிடையாது. அந்தச் சந்து வழியாகப் புற்றை உறிஞ்சி எடுக்கும். அமைதியான இரவில் அந்த உறிஞ்சல் சத்தம் நூறு மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். அப்படிப்பட்ட மூக்குக்குப் பாமாயில் பாக்கெட் என்பது திறந்து வைத்த விருந்து. அதனால் கதவுக்கு முன்னால் வாசனையைக் கவனிப்போம். கதவை மட்டும் பலப்படுத்தினால், உள்ளே எண்ணெய் மணக்கிற வரை அது ஜன்னலைப் பார்க்கும், ஜன்னல் முடியாவிட்டால் ஓட்டைப் பார்க்கும்.

ஒரு பகல் ஒதுக்கி வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எண்ணெய், வெல்லம், மாவு, வாழைப்பழம் எல்லாருக்கும் நினைவுக்கு வரும். தப்பிவிடுவது மாட்டுக்கொட்டகை. கடலைப் பிண்ணாக்கு மூட்டையைச் சாக்கோடு கொட்டகை மூலையில் சாய்த்து வைத்திருப்பீர்கள். வீட்டிலேயே அதிக மணம் அதற்குத்தான். இரவு ஊறவைத்த பிண்ணாக்குத் தண்ணீர் வாளி அதைவிட மோசம். பிண்ணாக்கை மூடியும் இரும்பு வளையப் பூட்டும் உள்ள பழைய இரும்பு டிரம்மில் போட்டு வையுங்கள். பிளாஸ்டிக் டிரம் வேண்டாம், நகம் போட்டுக் கிழித்துவிடும். ஊறவைப்பதை விடியற்காலைக்கு மாற்றுங்கள். அடுத்து நாய்ச் சோறு: இரவில் தட்டில் மீதி கிடக்கக் கூடாது. கோழி, மீன் கழுவிய தண்ணீர் பின்பக்கச் சாக்கடையில் தேங்குகிறதா என்று பாருங்கள். தேங்கினால் கறி எண்ணெயும் மாமிச வாடையும் அங்கேயே படிந்து நிற்கும். வாரம் இருமுறை வெந்நீரும் சோப்புத்தூளும் ஊற்றித் தேய்த்துவிடுங்கள்.

எண்ணெய், வெல்லம், நெய், மாவு எல்லாம் மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கில் போட்டு, வெளிச்சுவர் ஒட்டாத நடு அறைக்குப் போகட்டும். பாக்கெட்டைப் பிரித்ததும் தூக்கில் ஊற்றிவிட்டு, காலி உறையைக் கழுவாமல் குப்பையில் போடாதீர்கள். கரடிக்குக் காலி பாக்கெட்டும் முழு பாக்கெட்டும் ஒரே மணம்தான்.

இரண்டு தடவையிலும் அது எண்ணெயையும் மாவையும் சிந்திய இடம் இருக்கிறதே, அங்கே சிமெண்டுத் தரைக்குள் எண்ணெய் இறங்கியிருக்கும். துடைத்தால் போகாது. முதலில் சோப்புத்தூளைக் கெட்டியாகக் குழைத்துத் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, வெந்நீரில் பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். இரண்டு தரம் இப்படிச் செய்து, காய்ந்த பிறகு, பத்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு கைப்பிடி ப்ளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றுங்கள். எண்ணெய் போகாமல் ப்ளீச்சிங் போட்டால் பிரயோஜனமில்லை. கழிப்பறை கழுவும் ஆசிட்டை மட்டும் இதோடு சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு கிளம்பும்.

இனி, பலர் தோற்கிற இடத்தைச் சொல்கிறேன். எண்ணெயை எல்லாம் அப்புறப்படுத்திய பிறகு கரடி வரவே வராது என்று எதிர்பார்க்காதீர்கள். வரும். முதல் இரண்டு மூன்று தடவை முன்னைவிட முரட்டுத்தனமாகக் கதவை இழுக்கும், ஜன்னலைப் பிறாண்டும். கிடைத்துக்கொண்டிருந்தது கிடைக்காவிட்டால் எந்த மிருகமும் கூடுதலாக முயன்று பார்க்கும். அந்த நேரத்தில் “ஒன்றும் பலிக்கவில்லை” என்று நீங்கள் மனம் தளர்ந்து, ஒரு நாள் மாவுக் குண்டானைப் பின்திண்ணையில் விட்டுவிட்டால், “விடாமல் முயன்றால் கிடைக்கும்” என்பதுதான் அது படிக்கிற பாடம். மூன்று, நான்கு வாரம் ஒரு நாள் தவறாமல் வெறும் மூக்கோடு திரும்ப வேண்டும். பக்கத்து வீட்டிலும் இதையே செய்தால்தான் பலன். உங்கள் வீடு சுத்தமாக, அடுத்த வீட்டுத் திண்ணையில் பிண்ணாக்கு இருந்தால், அது உங்கள் வாசல் வழியாகத்தான் அங்கே போகும்.

கதவுக்கு வருவோம். பூட்டு தொங்க, கதவு கழன்றது என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குக் காரணம் கீல். கரடி முதலில் மூக்கைக் கதவின் அடியிடுக்கில் வைத்துப் புஸ்ஸென்று ஊதி மோப்பம் பிடிக்கும். மணம் வந்தால் நகத்தை அதே இடுக்கில் மாட்டி ஆட்டும். கதவு கொஞ்சம் அசைந்தால், பின்னங்காலில் எழுந்து நின்று முழு எடையையும் சாய்க்கும். பெரிய ஆண் நூறு கிலோவைத் தாண்டும். உங்களிடம் வருகிற பெண் கரடியும் ஐம்பத்தைந்து கிலோவுக்குக் குறையாது. அட்டை வைத்த ஃப்ளஷ் டோரில் கீலைப் பிடித்திருப்பது முக்கால் இஞ்சு ஸ்க்ரூ. அது எப்படித் தாங்கும்?

செய்ய வேண்டியது: முழு மரக் கதவு, ஒன்றேகால் இஞ்சுக்குக் குறையாத கனம். மூன்று கீலுக்குப் பதில் நான்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு இஞ்சு ஸ்க்ரூ. வெளிப்பக்கம் அடியிலிருந்து மூன்று அடி உயரத்துக்கு 16 கேஜ் இரும்புத் தகடு அடித்து, ஓரங்களை மடக்கிவிடச் சொல்லுங்கள். நகம் மாட்ட விளிம்பே கிடைக்கக் கூடாது. அடியிடுக்கு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் வாசற்படியைச் சிமெண்டு போட்டு உயர்த்துங்கள். உள்பக்கம் இரண்டு குறுக்குக்கட்டை: ஒன்று ஒன்றரை அடி உயரத்தில், இன்னொன்று நான்கு அடியில். நாலு காலில் நின்று முட்டும்போது பாரம் விழுவது கீழே, எழுந்து நின்று சாயும்போது மேலே, அதனால்தான் இரண்டு. கட்டை உட்காரும் இரும்புக் கொக்கியைச் சுவரில் பதிக்கும்போது கவனம். மலையில் பழைய வீடுகளின் சுவர் பெரும்பாலும் மண்சாந்துக் கட்டு. ஆங்கர் போல்ட் அதில் நிற்காது, ஆட்ட ஆட்டக் கழன்றுவிடும். கதவு நிலையையே துளைத்து, போல்ட்டை மறுபக்கம் விட்டு நட்டுப் போட்டு முடுக்குங்கள். கட்டை மாமியார் ஒற்றை ஆளாகத் தூக்கி எடுக்கிற எடையில் இருக்கட்டும். தீப்பிடித்தால் வெளியே வர வேண்டியதும் அதே கதவு வழியாகத்தான்.

ஜன்னல் கிரில் மரச்சட்டத்தில் ஆணி அடித்து நிற்கிறதா, சுவருக்குள் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். முன்னது என்றால் மாற்றுங்கள். 12 மில்லிமீட்டர் சதுரக் கம்பி, நான்கு இஞ்சு இடைவெளி போதும். சுவரை ஒட்டி அடுக்கிய விறகு அதற்கு ஏணி. பத்தடி தள்ளி அடுக்குங்கள். ஓட்டின் மேல் சாய்ந்திருக்கிற கிளையையும் கழித்துவிடுங்கள்.

கதவைச் சரிசெய்வதற்கு முன் உடைந்த நிலையிலேயே படம் எடுத்து வையுங்கள். வனச்சரக அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, வனக்காப்பாளர் வந்து பார்த்த பிறகு ஆசாரியைக் கூப்பிடுங்கள். நிவாரண மனுவுக்கு அந்தப் படங்கள் தேவைப்படும். கூண்டு வைத்துப் பிடித்துப் போகச் சொல்லி ஊரில் கையெழுத்து வாங்குவார்கள். குட்டியுள்ள தாய்க்கு அது வேண்டாம். தாய் ஒரு பக்கம் குட்டி ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டால், வெளியே நிற்கிற தாயைவிட ஆபத்தான கரடி இந்த மலையில் கிடையாது. பிடித்துக்கொண்டே போனாலும், பாமாயில் அங்கேயே இருந்தால் அடுத்த கரடி வருவதற்கு நாளாகாது.

வீட்டு விளக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் மாமியார் இருக்கிற வீட்டில் சாயங்காலம் விளக்கு ஏற்றாமல் இருக்க மாட்டார்கள். கரடி கோவிலுக்குள் புகுந்து விளக்கு எண்ணெயைக் குடிப்பது நீலகிரியில் யாருக்கும் புதுச் செய்தி அல்ல. விளக்கை நிறுத்தச் சொல்லி அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். வெளி மாடத்தில் ஏற்றுகிறார் என்றால், ஐந்தரைக்கு ஏற்றி, அவர் பக்கத்தில் இருக்கும்போதே எரியட்டும். ஆறரைக்கு மலையேற்றி, அகலையும் எண்ணெய்க் குப்பியையும் உள்ளே எடுத்துவந்து, மாடத்தை ஒரு துணியால் துடைத்துவிட்டால் போதும். ஊர்க் கோவிலில் எண்ணெய் டின் வைத்திருந்தால் அதுவும் பூசாரி வீட்டுக்குப் போகட்டும்.

தோட்டத்தில் இப்போது பேரிக்காய் சீசன். விழுந்த காயைத் தினமும் மதியத்துக்குள் பொறுக்கிவிடுங்கள். பொறுக்கியதைக் குழி தோண்டிப் புதைத்தால் தோண்டி எடுக்கும், பசுவுக்குப் போடுங்கள். வீட்டைச் சுற்றி முப்பதடிக்கு உண்ணிச்செடிப் புதர் இருக்கக் கூடாது. அதன் பழமும் கரடிக்குத் தீனி, புதர் பகலில் படுக்கவும் இடம். சோலை ஓரத்துக் கரையான் புற்றுகளைத் தொடாதீர்கள். அது அங்கே தின்றுவிட்டுப் போகட்டும்.

வெடி விஷயத்தில் உங்கள் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லுங்கள். கரடி வீட்டுக்குள் இருக்கும்போது வாசலில் வெடி போட்டால், அது ஓட இருக்கிற ஒரே வழியில் நிற்பவர் வெடி போட்டவர்தான். வெட்டவெளியில் போட்டாலும் இருட்டில் எந்தப் பக்கம் ஓடும் என்று சொல்ல முடியாது, குட்டியை முதுகில் வைத்திருக்கிற தாய் ஓடாமல் திரும்பி நிற்கவும் செய்யும். மிளகாய்த்தூள் தூவுவது இந்த மழையில் ஒரு இரவு கூட நிற்காது. வேலிக்கு வீட்டுக் கரண்ட் கொடுக்கும் பேச்சை இன்றே முடித்துவிடுங்கள். அதில் முதலில் விழப்போவது கொழுந்து பறிக்க வருகிற பெண்ணோ, பந்து எடுக்க வருகிற பையனோ, உங்கள் பசுவோதான். கரடி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் பட்டியலில் இருக்கிற மிருகம். கொன்றால் குறைந்தது 3 ஆண்டு சிறை.

நாயை இரவில் வீட்டுக்குள் கட்டிப் போடுங்கள். அவிழ்த்துவிட்ட நாய் கரடியைத் துரத்திக்கொண்டு போகும். கரடி திரும்பிவிட்டால் நாய் நேராக உங்களிடம்தான் ஓடிவரும், பின்னாலேயே கரடியும் வரும். கழிப்பறை வெளியில் இருந்தால் வழி முழுதும் தெரிகிற மாதிரி ஒரு எல்இடி விளக்கு போடுங்கள், சுவிட்ச் வீட்டுக்குள் இருக்கட்டும். விளக்குக்குக் கரடி பயப்படும் என்று நம்ப வேண்டாம். கதவைத் திறப்பதற்கு முன் நீங்கள் பார்ப்பதற்குத்தான் அது.

மறுபடி உள்ளே வந்துவிட்டால்: எல்லாரும் ஒரே அறைக்குப் போய், நடுக்கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். அது வந்த வழி திறந்தே கிடக்கட்டும், அந்தப் பக்கம் விளக்கு வேண்டாம், ஆள் வேண்டாம். சரக அலுவலகத்துக்குப் போன் செய்யுங்கள். அந்த நம்பரைக் காகிதத்தில் பெரிதாக எழுதி அதே அறைச் சுவரில் ஒட்டி வையுங்கள். அடுத்த வேலை, அக்கம்பக்கத்தாரைப் போனில் தடுப்பது. செல்போனைத் தூக்கிக்கொண்டு வாசலில் இருபது பேர் நின்றால், தின்றுவிட்டுத் தானாகப் போகிற கரடி போக வழியில்லாமல் மாட்டிக்கொள்ளும்.

இப்போது பையன். வீட்டில் நடந்த இரண்டு சம்பவத்தையும்விட எனக்குக் கவலை அவன் நடந்து வருகிற அந்தக் குறுக்கு வழிதான். கரடியால் ஆட்கள் காயப்படுவது பெரும்பாலும் இப்படித்தான்: அது தலையைப் புற்றுக்குள் விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும், ஆள் வருவது அதற்குக் காதில் விழாது, ஐந்தாறு அடியில் திடீரென்று இருவரும் எதிர்ப்படுவார்கள். அந்தத் தூரத்தில் ஓடுவதைவிட அடிப்பதுதான் அதன் சுபாவம். தலையையும் முகத்தையும்தான் குறிவைக்கும். கவாத்து செய்து அளவாக வைத்த தேயிலையில் இடுப்புக்கு மேல் எல்லாம் தெரியும். பராமரிப்பு இல்லாமல் ஆளுயரம் வளர்ந்த தேயிலையில் கரடி என்ன, காட்டுமாடே நின்றாலும் தெரியாது. அவன் வருகிற வழியில் அப்படி ஒரு பத்தை இருந்தால் அந்த வழி வேண்டாம். கால் மணி நேரம் கூடினாலும் தார் ரோட்டில் வரட்டும்.

ஃபுட்பாலை நிறுத்த வேண்டியதில்லை. டீமின் நேரத்தை மாற்றச் சொல்லுங்கள். இந்த மாதத்தில் சூரியன் மறைய ஆறேமுக்கால் ஆகும் என்றாலும், மூடுபனி இறங்கினால் ஐந்தரைக்கே பத்தடி தெரியாது. நாலேகாலுக்குத் தொடங்கி ஐந்தேகாலுக்கு விசில் அடித்தால் எல்லாப் பையன்களும் வெளிச்சத்தில் வீடு சேர்வார்கள். பயிற்சியாளருக்கு நீங்கள் மட்டும் சொன்னால் எடுபடாது. ஒரே வழியில் போகிற நாலைந்து பையன்களின் அம்மாக்கள் சேர்ந்து சொல்லுங்கள். கோத்தகிரி காந்தி மைதானத்தில் மேட்ச் இருக்கிற நாளில் ஆட்டம் முடிந்து பேசிக்கொண்டே நேரம் போய்விடும். அன்றைக்குப் பிக்கப்போ ஜீப்போ ஊர் வரை வரட்டும், ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் முடிந்தது.

நடந்தே வர வேண்டியிருந்தால் மூன்று நான்கு பேராக. காதில் ஹெட்போன் கூடாது. சத்தமாகப் பேசிக்கொண்டு, கையிலிருக்கும் குச்சியை ரோட்டில் தட்டிக்கொண்டு வரட்டும். சத்தம் தூரத்திலிருந்தே தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். பக்கத்தில் வந்த பிறகு திடீரென்று விசில் ஊதினால் அது மிரளத்தான் செய்யும். டார்ச்சைக் காலடியில் மட்டும் அடிக்காமல் இருபதடி முன்னால் இரு பக்கமும் அடித்து வர வேண்டும்.

தூரத்தில் கரடியைக் கண்டால் நின்று, முகம் அதன் பக்கமே இருக்க, மெதுவாகப் பின்வாங்க வேண்டும். ஓடினால் எந்த ஃபார்வர்டாலும் அதை ஜெயிக்க முடியாது. மரத்தில் ஏறுவதும் வீண், அதுவும் ஏறும். மேலே பாய்ந்துவிட்டது என்றால், குப்புறப் படுத்து, இரண்டு கை விரல்களையும் பிடரியில் கோத்துக்கொண்டு, முழங்கையால் முகத்தை மறைத்து, கால்களை அகட்டிப் புரட்ட முடியாதபடி கிடக்க வேண்டும். முதுகில் கிட் பேக் இருந்தால் அதைக் கழற்றவே கூடாது. பூட்ஸும் ஜெர்ஸியும் அடைத்த பை நல்ல கவசம். அது போன பிறகும் சில நிமிடம் எழுந்திருக்கக் கூடாது. இதைப் பையனிடம் வாயால் சொல்லாமல், ஒரு நாள் மைதானத்தில் டீம் மொத்தத்தையும் படுக்க வைத்துப் பழக்கிவிடச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே செய்வார்கள், பரவாயில்லை.

காயம் பட்டால் 108. ரத்தம் பீறிட்டால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடிப்பதுதான் முதல் வேலை. சின்ன நகக்கீறலானாலும் ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடிக்குப் போடுகிற அதே ஊசி இதற்கும் உண்டு. தோல் கிழிந்து ரத்தம் வந்த எந்தக் காயத்துக்கும் அதோடு இம்யூனோகுளோபுலினும், டெட்டனஸ் ஊசியும். மஞ்சளோ காப்பித்தூளோ வைத்துக் கட்டாதீர்கள்.

மைதானத்தைப் பற்றி இரண்டு விஷயம். ஜெயித்த இரவு பிரியாணிப் பொட்டலமும் வாழைப்பழத் தோலும் கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கிடந்தால், மறுநாள் சாயங்காலம் பிராக்டிஸுக்குக் கரடியும் வரும். எலும்பு, இலை எல்லாவற்றையும் மூடி போட்ட ஒரு டின்னில் அள்ளி அன்றைக்கே ஊருக்குள் கொண்டுபோக ஒரு ஆளை டீம் நியமிக்கட்டும். இன்னொன்று, தேயிலைக்குள் உருண்டு போகிற பந்து. ஐந்து மணிக்கு முன்னால் என்றால் இரண்டு பேர் சத்தம் போட்டுக்கொண்டே போய் எடுக்கலாம். அதற்கு மேல் போனால், அது யார் பந்தாக இருந்தாலும், காலையில் கொழுந்து பறிக்க ஆள் இறங்கும்போது எடுத்துக்கொள்ளலாம்.